இங்கிலாந்தில் ஒன்பது இரவு, ஐந்து பேர், சைவம் சாப்பிடும் அம்மா: எந்த ஊர்கள், எங்கே சாப்பாடு?

மே மாதம் ஒன்பது இரவு. கணவன், மனைவி, 7 வயதிலும் 12 வயதிலும் பிள்ளைகள், முழங்கால் வலியோடு 68 வயது அம்மா. லண்டனில் இறங்கி லண்டனிலிருந்தே திரும்புகிறீர்கள். லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, பாத், யார்க், மான்செஸ்டர், லிவர்பூல் என்று ஆறு ஊர் எழுதி, இவற்றில் எதை விடலாம், முட்டைகூடத் தொடாத அம்மாவுக்கு என்ன சாப்பாடு கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தக் குடும்பம் எத்தனை தடவை இடம் மாற முடியும், அப்படி மாறும் நாளில் மதியச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்குமா? இதற்கு விடை கண்டுபிடித்துவிட்டால் ஊர்ப் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

என் யோசனை இது. லண்டனில் 4 இரவு, யார்க்கில் 2, லிவர்பூலில் 2, கடைசி இரவு மறுபடி லண்டன். லண்டனில் இருக்கும் நாட்களில் ஒன்றை லெஸ்டருக்குப் போய்வர ஒதுக்குங்கள். லெஸ்டர் உங்கள் பட்டியலில் இல்லை என்று தெரியும். அம்மாவுக்காக அதைச் சேர்க்கிறேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். லண்டனிலிருந்து யார்க் ரயிலில் ஏறக்குறைய 2 மணி நேரம். யார்க்கிலிருந்து லிவர்பூலுக்கு நேர் ரயிலில் சுமார் 2 மணி நேரம், லிவர்பூலிலிருந்து லண்டன் திரும்ப இரண்டேகால் மணி நேரம். ஒரு முக்கோணம்; எந்தப் பக்கமும் அம்மாவை வாட்டாது. விமானம் ஏறும் நாளன்றே லிவர்பூலிலிருந்து கிளம்ப வேண்டாம். ஒரு ரயில் ரத்தானால் போதும், விமானம் போய்விடும்.

லண்டனில் எங்கே தங்குவது என்பதில் பலரும் தவறுகிறார்கள். பேர்பெற்ற இடங்களுக்குப் பக்கத்தில் அறை தேடுவார்கள். நீங்கள் கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேடுங்கள். யார்க் ரயில் அங்கிருந்துதான் கிளம்புகிறது. லெஸ்டர் ரயில் தெருவுக்கு அந்தப் பக்கம், செயின்ட் பாங்க்ராஸிலிருந்து. லிவர்பூலிலிருந்து திரும்பி இறங்கும் யூஸ்டன் நிலையம் நடக்கும் தூரம். ஹீத்ரோவிலிருந்து பிக்காடிலி பாதாள ரயிலில் ஏறினால் மாறாமல் சுமார் ஒரு மணி நேரத்தில் கிங்ஸ் கிராஸ் வந்துவிடலாம். இரண்டு நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. லண்டன் பாதாள நிலையங்களில் மூன்றில் ஒரு பங்கில்தான் படியில்லாமல் நடைமேடைக்குப் போக முடியும். முழங்கால் வலிக்காரர் கூட இருக்கும்போது அழகான அறையைவிட லிஃப்ட் உள்ள நிலையம் பெரிது.

ரயில் டிக்கெட்டில்தான் உங்களுக்குப் பெரிய பணம் மிச்சமாகும். ‘ஃபேமிலி அண்டு ஃப்ரெண்ட்ஸ் ரெயில்கார்டு’ என்று ஒரு தள்ளுபடி அட்டை இருக்கிறது. இப்போதைய விலை 35 பவுண்டு. ஒரே அட்டையில் 4 பெரியவர்கள், 5 முதல் 15 வயது வரையுள்ள 4 பிள்ளைகள் வரை போகலாம். பெரியவர் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகள் கட்டணத்தில் 60 சதவீதமும் குறையும். பெரியவருக்கு 60 பவுண்டு, பிள்ளைக்கு 30 பவுண்டு என்று ஒரு பயணத்தை வைத்துக்கொள்வோம். அட்டை இல்லாமல் உங்கள் ஐந்து பேருக்கும் 240 பவுண்டு, அட்டையோடு 144. முதல் பயணத்திலேயே அட்டைக் காசு வந்துவிடுகிறது. நிபந்தனை, பிள்ளைகளில் ஒருவராவது பயணம் முழுக்கக் கூட வரவேண்டும். அட்டையில் பெயர் உள்ளவரும் வரவேண்டும். லண்டனையும் தென்கிழக்குப் பகுதியையும் சுற்றிய பயணங்களுக்கு வேலைநாள் காலை நெரிசல் நேரத்தில் இது செல்லாது. உங்கள் நீண்ட பயணங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

டிக்கெட்டில் ‘அட்வான்ஸ்’ என்ற வகைதான் மலிவு. பயணத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் முன்பு விற்பனைக்கு வரும். குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். அந்த ரயிலை உங்கள் தாமதத்தால் தவறவிட்டால் டிக்கெட் வீண், பணமும் திரும்பாது. ‘ஆஃப் பீக்’ கொஞ்சம் விலை கூட, ஆனால் நெரிசல் நேரம் தவிர எந்த ரயிலிலும் ஏறலாம். ஊர் மாறும் நாளுக்கு அட்வான்ஸும், லெஸ்டர் போலப் போய்வரும் நாளுக்கு ஆஃப் பீக்கும் சரியாக வரும். எந்த ரயில் நிறுவனத்தின் தளத்திலும் எல்லா ஊர் டிக்கெட்டும் கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்கும். இடைத்தரகர் தளங்கள் சேவைக் கட்டணம் பிடிக்கின்றன. இருக்கை எடுக்கும்போது நடுவில் மேசை உள்ள நான்கு இருக்கையைக் கேளுங்கள், பிள்ளைகள் சாப்பிட வசதி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நெடும்பயணம் வைக்காதீர்கள். தண்டவாளப் பழுதுவேலை பெரும்பாலும் அன்றைக்குத்தான் நடக்கும். பாதி வழியில் இறக்கிப் பேருந்தில் ஏற்றிவிடக்கூடும்.

தேதியைப் பற்றியும் ஒரு சொல். மே மாதக் கடைசித் திங்கள் அங்கே பொது விடுமுறை. அந்த வாரம் பெரும்பாலான பள்ளிகளுக்கும் விடுமுறை. அறை வாடகை, ரயில் கட்டணம், அருங்காட்சியக வரிசை மூன்றும் ஏறும். மே நடுப்பகுதியில் முடித்துக்கொள்ள முடிந்தால் செய்யுங்கள். இரவு 8.30-க்கு மேலும் வெளிச்சம் இருக்கும்.

லண்டனுக்குள் போக்குவரத்தில் 7 வயதுப் பிள்ளைக்குக் காசு இல்லை. 11 வயதுக்குக் கீழ் பெரியவரோடு போனால் பாதாள ரயிலும் பேருந்தும் இலவசம். 12 வயதுப் பிள்ளைக்கு ஓர் ஆய்ஸ்டர் அட்டை (முன்கூட்டிப் பணம் ஏற்றிவைக்கும் லண்டன் பயண அட்டை) வாங்கி, நிலைய ஊழியரிடம் ‘யங் விசிட்டர் டிஸ்கவுண்ட்’ போட்டுத் தரச் சொல்லுங்கள். 14 நாள் வரை பாதிக் கட்டணம். பிள்ளை அங்கே நேரில் இருக்க வேண்டும். வங்கி அட்டையைத் தட்டிப் போனால் பிள்ளைக்கும் பெரியவர் கட்டணம்தான். பெரியவர்கள் மூவருக்கும் தனித்தனி அட்டை வேண்டும்; ஒரே அட்டையை மூன்று முறை தட்ட முடியாது. காலையில் செல்பேசியைத் தட்டி மாலையில் அட்டையைத் தட்டினால் இரண்டு வேறு ஆள் என்று கணக்கு வைத்து, ஒரு நாளில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் பிடிக்காத உச்சவரம்புச் சலுகை போய்விடும். ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும், பேருந்தில் ஏறும்போது மட்டும். பேருந்தில் ரொக்கம் வாங்க மாட்டார்கள்.

இப்போது சாப்பாடு. முதலில் ஒரு சொல் விளக்கம், அம்மாவைக் காப்பாற்றப்போவது இதுதான். இங்கிலாந்தில் ‘வெஜிடேரியன்’ என்றால் முட்டை சேரும். கேக், ஸ்கோன், பாஸ்டா, வடைபோல இருக்கும் பர்கர் எல்லாவற்றிலும் முட்டை இருக்கலாம். ஆகவே நீங்கள் தேட வேண்டிய சொல் ‘வீகன்’. அந்த முத்திரை உள்ளதில் முட்டையும் இல்லை, பாலும் இல்லை; பால் வேண்டுமானால் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். உணவுப் பொட்டலங்களில் ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களை வேறுபடுத்தி, பெரும்பாலும் தடித்த எழுத்தில், அச்சிடுவது சட்டம். அதில் முட்டையும் ஒன்று. கடையிலேயே செய்து பொட்டலம் கட்டி வைத்திருக்கும் சாண்ட்விச்சுக்கும் 2021 அக்டோபரிலிருந்து முழுப் பொருள் பட்டியல் கட்டாயம். முட்டையைப் பொறுத்தவரை இதை நம்பலாம். வெங்காயமும் பூண்டும் அந்தப் பதினான்கில் இல்லை. அம்மா அவற்றையும் விலக்குபவரானால் பட்டியல் முழுவதையும் படித்தாக வேண்டும்.

அடுத்தது பலரும் போய்வந்த பிறகுதான் அறிந்து வருந்துவது. வட இங்கிலாந்தில், குறிப்பாக யார்க்ஷயரில், மீன் வறுவல் கடைகள் பல மாட்டுக் கொழுப்பில்தான் வறுக்கின்றன. ‘பீஃப் டிரிப்பிங்’ என்பார்கள். சுவைக்காகச் செய்வது, பெருமையாகப் பலகையிலும் எழுதியிருப்பார்கள். உருளைக்கிழங்கு வறுவலும் அதே கொழுப்பில்தான். ‘சிப்ஸ் மட்டும் கொடுங்கள்’ என்று அம்மாவுக்கு வாங்கித் தருவது அங்கே சரிவராது. அசைவம் சாப்பிட்டாலும் மாட்டிறைச்சி தொடாதவர்கள், ஹலால் பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டு வாங்குங்கள்: ‘எந்த எண்ணெயில் வறுக்கிறீர்கள்?’ தாவர எண்ணெய்க் கடைகளும் இருக்கின்றன, தெற்கே அதுதான் அதிகம். அங்கேயும் சிப்ஸ் வறுத்த அதே எண்ணெயில் மீனையும் வறுத்திருக்கக்கூடும். அது அம்மாவுக்கு ஒப்புமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். மீன் சாப்பிடுபவர்களுக்கு: யார்க்ஷயரில் ஹாடக் மீன்தான் வழக்கம். ஒரு முழுப் பங்கு ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் பகிரப் போதும். உப்பும் வினிகரும் போடவா என்று கேட்பார்கள். வினிகர் பிடிக்காத பிள்ளையானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ‘சண்டே ரோஸ்ட்’ என்ற பெருஞ்சாப்பாட்டிலும் இதே கதை. யார்க்ஷயர் புட்டிங் என்பது இனிப்பு இல்லை. மாவு, முட்டை, பால் கரைத்துப் புகையக் காய்ந்த கொழுப்பில் ஊற்றிச் சுடுவது. கொழுப்பு அவ்வளவு காய்ந்திருந்தால்தான் அது கிண்ணம்போல எழும்பும்; அதற்கு மாட்டுக் கொழுப்புதான் வழக்கம். சைவத் தட்டு என்று கொட்டைப்பருப்பு ரோஸ்ட் வரும். ஆனால் கூட வைக்கும் வறுத்த உருளை, புட்டிங், கிரேவி மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாறுதான். பிள்ளைகளின் இனிப்பிலும் கவனம் வேண்டும். மெத்துமெத்தென்ற மிட்டாய்களிலும், சூடான சாக்லேட் பானத்தின் மேல் மிதக்கும் மார்ஷ்மெலோவிலும் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். அது பன்றி அல்லது மாட்டிலிருந்து வருவது. பார்மிசான் பாலாடைக்கட்டி விதிப்படியே கன்றின் வயிற்று நொதியால் செய்யப்படுவது. ஆகவே பாஸ்டாவில் மேலே துருவிப்போட வேண்டாம் என்று சொல்லுங்கள். சூப்பர் மார்க்கெட் செடார் பெரும்பாலும் சைவ நொதியில் செய்தது, உறையில் எழுதியிருக்கும்.

இவ்வளவையும் படித்துப் பயந்துவிடாதீர்கள். எந்த ஊரிலும் அம்மாவுக்குக் கிடைக்கக்கூடியது முழு உருளைக்கிழங்கை அடுப்பில் சுட்டுப் பிளந்து, மேலே பீன்ஸோ பாலாடைக்கட்டியோ வைத்துத் தரும் ‘ஜாக்கெட் பொட்டேடோ’. சுடச்சுட, காரமில்லாமல், முட்டையில்லாமல் வயிற்றுக்கு இதமானது. ‘பிளைண்டு ஸ்கௌஸ்’ என்று லிவர்பூலில் ஒன்று உண்டு. ஸ்கௌஸ் என்பது மாலுமிகள் வழியாக அந்தத் துறைமுகத்துக்கு வந்த இறைச்சி, உருளைக்கிழங்குக் குழம்பு. அந்த ஊர்க்காரர்களுக்கே அதுதான் பட்டப்பெயர் ஆகிவிட்டது. இறைச்சி வாங்க வழியில்லாத வீடுகளில் உருளை, கேரட், வெங்காயம் மட்டும் போட்டு வைத்தது ‘பிளைண்டு’. ஊறவைத்த சிவப்பு முட்டைக்கோஸோடு வரும். ஏழைகள் வைத்த குழம்பு இன்று உங்கள் அம்மாவுக்கு ஊர்ச் சாப்பாட்டை அதன் சொந்த ஊரிலேயே சாப்பிடும் வாய்ப்பைத் தருகிறது. வேகவைத்த சாறு காய்கறிச் சாறுதானா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

நேரம் அடுத்த கண்ணி. பல சமையலறைகள் மதியம் இரண்டரை, மூன்றுக்கு அடுப்பை அணைத்துவிடும். மறுபடி மாலை ஐந்து, ஆறுக்குத்தான். காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு ஓட்டல் தேடும் குடும்பம் கடைசியில் குளிர்ந்த சாண்ட்விச்சில் வந்து நிற்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் மதியம் 12.30-க்கு எங்கே சாப்பிடுவது என்பதை முதலில் முடிவுசெய்து, பார்க்கும் இடங்களை அதைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். பப்புக்குப் பிள்ளைகளோடு போகலாம், தயங்க வேண்டாம். சாப்பாடு அங்கேதான் பல ஊர்களில் நன்றாக இருக்கும். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு, முன்னால் போய் நாமே சொல்லிக் காசு கட்ட வேண்டும். உட்கார்ந்து காத்திருந்தால் பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். மது விற்கும் இடங்களில் கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தரவேண்டும் என்பது விதி. புட்டித் தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். லண்டனில் பல இடங்களில் பில்லிலேயே 12.5 சதவீதம் போலச் சேவைக் கட்டணம் சேர்த்திருப்பார்கள். அதற்கு மேல் டிப்ஸ் வேண்டியதில்லை.

சமையலறை உள்ள குடியிருப்பு கிடைத்தால் யார்க்கிலும் லிவர்பூலிலும் அதை எடுங்கள். மலிவு ஓட்டல்களில் குடும்ப அறை இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைக்குத்தான். நீங்கள் ஐந்து பேர், எப்படியும் இரண்டு அறை ஆகும். அந்தக் காசுக்கு இரண்டு படுக்கையறை வீடு பல நேரம் அமைந்துவிடும். நுண்ணலை அடுப்பில் இரண்டு நிமிடத்தில் சூடாகும் 250 கிராம் சோற்றுப் பொட்டலமும், ‘நேச்சுரல்’ என்று எழுதிய தயிரும் எல்லாச் சூப்பர் மார்க்கெட்டிலும் உண்டு, தயிர்சாதம் முடிந்தது. ஊறுகாயும் பருப்புப்பொடியும் ஊரிலிருந்து எடுத்துப் போங்கள். நெய், பால்கோவா, பன்னீர் போன்ற பால் பொருள்களை இந்தியாவிலிருந்து கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் வேண்டும், ஆகவே அதுவும் வேண்டாம். தாளிக்கும்போது சன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியைப் போட்டுக்கொள்ளுங்கள். கடுகு வெடிக்கும் புகைக்கே அலாரம் அலறி, கட்டடம் முழுவதும் கீழே இறங்க நேரும்.

லெஸ்டரைச் சேர்த்த காரணம் இப்போது சொல்கிறேன். 1972-இல் உகாண்டாவிலிருந்து இடி அமீன் விரட்டிய ஆசிய மக்களில் பெருந்தொகையினர் இந்த ஊருக்கு வந்தார்கள். வரவேண்டாம் என்று லெஸ்டர் நகராட்சி உகாண்டா நாளிதழில் விளம்பரமே கொடுத்தது. வந்தவர்கள்தான் பிறகு பெல்கிரேவ் சாலையை ஊரின் அடையாளமாக்கினார்கள். அங்கே முழுச் சைவக் குஜராத்திச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. அம்மா யாரையும் எதையும் கேட்காமல், பயமில்லாமல் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிடக்கூடிய இடம். லண்டனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பிள்ளைகளுக்கு தேசிய விண்வெளி மையம், ராக்கெட்டுகள் நிமிர்ந்து நிற்கும் கோபுரத்தோடு. ஊர் நடுவில் மூன்றாம் ரிச்சர்டு மன்னர்: 1485-இல் போரில் மாண்டவரின் எலும்புகள் 2012-இல் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தன, 2015-இல் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். தோண்டிய இடத்தையே கண்ணாடித் தரை வழியாகப் பார்க்கலாம். 12 வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் அமையாது.

யார்க்கில் ரயில் நிலையத்துக்குப் பின்னாலேயே தேசிய ரயில் அருங்காட்சியகம், அனுமதி இலவசம். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் ஓடிய ‘மல்லார்டு’ நீராவி எஞ்சின் அங்கே நிற்கிறது. நகரச் சுவர்மேல் நடப்பதும் இலவசம். பூதாம் பார் வாயிலிலிருந்து மங்க் பார் வரை நடந்தால் யார்க் மின்ஸ்டர் தேவாலயம் முழுமையாகத் தெரியும். ஆனால் ஏறப் படிகள், சில இடங்களில் உட்பக்கம் கைப்பிடி இல்லை. அம்மாவை மியூசியம் கார்டன்ஸ் பூங்காவில், இடிந்த மடாலயச் சுவர் நிழலில் ஒரு பெஞ்சில் அமர்த்திவிட்டு மற்றவர்கள் போய்வாருங்கள். மின்ஸ்டரின் கோபுரத்துக்கு 275 படி, 8 வயதுக்குக் கீழ் விடமாட்டார்கள். சின்னப் பிள்ளைக்கு ஆசை காட்டிவிடாதீர்கள். உள்ளே கிழக்குச் சன்னலின் வண்ணக் கண்ணாடி 1405-க்கும் 1408-க்கும் இடையில் செய்தது. நிதானமாக அதன்முன் உட்காருங்கள், நாற்காலி உண்டு. கிட்கேட் இந்த ஊரில்தான் 1935-இல் பிறந்தது என்று பிள்ளைகளிடம் சொன்னால் ஊர்மேல் தனி மதிப்பு வரும்.

லிவர்பூலில் திங்கட்கிழமை வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறை இல்லாத வாரங்களில் இலவச அருங்காட்சியகங்கள் அன்று மூடியிருக்கும். 1846-இல் திறந்த ஆல்பர்ட் துறையைச் சுற்றிச் சமதளம். அம்மாவால் நடக்க முடியும். மெர்சி ஆற்றில் 50 நிமிடப் படகு, உட்கார்ந்தபடியே ஊரைப் பார்க்கலாம். ஆங்கிலிக்கன் பேராலயம் 1904-இல் தொடங்கி 1978-இல்தான் முடிந்தது; நுழைவு இலவசம். அதை வரைந்த கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்தான் பிரிட்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டையும் வடிவமைத்தவர். உள்ளேயே ஒரு கூண்டு நிற்கிறது, பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டையும் மான்செஸ்டரையும் இந்தத் தடவை விடலாம். பாத் அழகான ஊர். ரோமானியக் குளத்தில் 46 டிகிரி செல்சியஸ் வெந்நீர் ஊறுகிறது, ஆனால் அதில் குளிக்க முடியாது, பக்கத்து நவீன நீரூற்றுக் குளியலுக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் இருவரும் வெளியே. லெஸ்டரா பாத்தா என்றால் உங்கள் குடும்பத்துக்கு லெஸ்டர்தான்.

லண்டன் அருங்காட்சியக நாளுக்கு, கிங்ஸ் கிராஸிலிருந்து பிக்காடிலி ரயிலில் நேரே சௌத் கென்சிங்டன். இயற்கை வரலாறு, அறிவியல் இரண்டும் இலவசம், நேரச்சீட்டைத் தளத்தில் முன்பதிவு செய்யுங்கள். கட்டிக்கொண்டு போன சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட இடமும் உண்டு. லிவர்பூலிலிருந்து திரும்பும் கடைசி மாலை, பெட்டிகளை அறையில் போட்டுவிட்டு, அதே கிங்ஸ் கிராஸிலிருந்து ஹாமர்ஸ்மித் அண்டு சிட்டி ரயிலில் ஏறி ஈஸ்ட் ஹாமில் இறங்குங்கள். ஹை ஸ்ட்ரீட் நார்த் நெடுக ஈழத்துக் கடைகளும் தமிழ்நாட்டுச் சைவ ஓட்டல்களும் இருக்கின்றன. கட்டணங்களும் திறப்பு நேரங்களும் நான் எழுதியதிலிருந்து மாறக்கூடியவை, பதிவு செய்யும்போது அந்தந்தத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி இரவில் அம்மா இட்லியும், பிள்ளைகள் கொத்து ரொட்டியும் கேட்பார்கள். இரண்டும் அந்தத் தெருவிலேயே கிடைக்கும்.